ஆவி ஜாயிண்டும் என் காதுகளும்

ரோலர் சுற்றும். அதற்கு ஆவி கொண்டுவரும் பைப் சுற்றாது. இரண்டையும் சேர்த்து வைக்கிற இடத்தை நாங்கள் ஜாயிண்டு என்று சொல்வோம். என் நல்ல வயதெல்லாம் அந்த இடத்தின் பக்கத்திலேயே போய்விட்டது.

எழுபதுகளின் நடுவில், ஆம்பூருக்குச் சற்று முன்னால் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு லெதர் போர்டு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலைச் சீவி மெல்லிசாக்கும்போது விழுகிற சீவலை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, அரைத்து, தண்ணீரும் ரப்பர் பாலும் கலந்து கூழாக்கி, அதை அட்டையாக இழுப்பார்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற அட்டை. ஈரமாக வருகிற அட்டை, வரிசையாக நிற்கும் இரும்பு ரோலர்களின் மேல் ஏறி இறங்கி, மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்துவிட வேண்டும். ரோலருக்குள்ளே வெறும் கூடுதான். ஒரு முனை வழியாக ஆவி உள்ளே போகும். சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிப் போன ஆவி அதே முனை வழியாக வெளியே வர வேண்டும். அந்த முனையில்தான் ஜாயிண்டு.

பழைய ஜாயிண்டு என்றால் ஒரு டப்பா மாதிரி. உள்ளே அஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றி, கிரீஸ் அப்பி, மேலே நட்டைப் போட்டு இறுக்குவோம். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் கயிறு இரும்பையே தின்றுவிடும், ரோலர் திணறும். கொஞ்சம் தளர்த்தினால் ஆவி பீறிடும். சரியாக இறுக்கினாலும் சில நாள்தான் தாங்கும். பிறகு மறுபடி ஒழுகும். ஒழுகுகிற தண்ணீர் அட்டை மேல் சொட்டினால் கறை விழும். கறை விழுந்த அட்டை கழிவு. சூப்பர்வைசர் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த ரோலருக்குப் போவேன். வரிசையின் கடைசி ரோலரைச் சரிசெய்து முடிக்கும்போது முதல் ரோலர் ஒழுக ஆரம்பித்திருக்கும். வருஷக்கணக்கில் இதுதான் வேலை. சலிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட அப்போது தோன்றவில்லை. வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சத்தத்தைச் சொல்ல வேண்டும். லாரி டயரில் காற்றை இறக்கிவிடும்போது வருகிற சீறல், ஒவ்வொரு ரோலர் முனையிலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். பின்பக்கத்தில் சீவல் அரைக்கிற மில் வேறு. அந்த ஷெட்டுக்குள் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டித்தான் எல்லாம். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். முழங்கையில் தட்டினால் பின்னால் டிராலி வருகிறது, ஒதுங்கு. நானோ ஜாயிண்டு மேலேயே தலையை வைத்திருப்பேன். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேறு வழியில்லை. ஆவி கண்ணுக்குத் தெரியாது, கொஞ்ச தூரம் போய்த்தான் வெள்ளையாகும். அதனால் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுத்தான் கண்டுபிடிப்பேன்.

வீடு பள்ளிகொண்டாவில். என் மனைவி வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் ஒரே பஸ் ஸ்டாப்புக்கு வந்து, அவள் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறுவாள், நான் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறுவேன். சாயங்காலம் இரண்டு பேரும் காலை இழுத்துக்கொண்டு வந்து சேருவோம். அவள் வார்டில் நடந்ததைச் சொல்வாள். நான் "ம்" என்பேன். போகப்போக அவள் சொல்வது குறைந்தது. எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் வேலை செய்து களைத்துப்போன இரண்டு பேருக்குள் பேச்சு குறைவது பெரிய விஷயமாகப் படவில்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? கேட்டா பதில் சொல்லக் கூடாதா?" என்று சில நாள் சத்தம் போடுவாள்.

"அசதிம்மா. விடு."

அது பொய்யில்லை. உண்மையாகவே அசதியாகத்தான் இருந்தது. யாராவது பேச வந்தாலே தோள் கனக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் முடிவதற்குள் தலை வலிக்கும். எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் என் மடியில் ஏறி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பேசுவாள். பெரிய வகுப்புக்குப் போனதும் எதுவானாலும் அம்மாவிடம்தான் சொன்னாள். பெண் பிள்ளை வளர்ந்தால் அப்பாவிடமிருந்து விலகுவது இயல்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எண்பதுகள் பிறந்த பிறகு, கம்பெனி மேனேஜர் எங்கேயோ ஒரு பேப்பர் மில்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, புது மாதிரி ஜாயிண்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில், வைக்கோல் அடைத்து வந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கயிறு கிடையாது, கிரீஸ் கிடையாது. உள்ளே கறுப்பாக ஒரு கார்பன் வளையம். அதைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளி, கண்ணாடி மாதிரி பளபளக்கிற இரும்பு முகத்தோடு ஒட்டவைக்கும். ஆவி அழுத்தம் கூடக்கூட வளையம் இன்னும் நெருக்கி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு காலமாக எவ்வளவு கயிறு சுற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாகக்கூட இல்லை. உட்கார வேண்டும் போல இருந்தது.

பாய்லர் ஆய்வுக்காகக் கம்பெனியை மூடுகிற நாட்களில் எல்லா ரோலருக்கும் மாற்றினோம். ஜாயிண்டின் உடம்பு ரோலரோடு சேர்ந்து சுற்றிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்புக் கம்பி. அது ஒரு இரும்புத் தாங்கியில் இடித்துக்கொண்டு நிற்கும். தாங்கிகளை வெளியிலிருந்து வந்த வெல்டர்கள் பற்றவைத்துவிட்டுப் போனார்கள். ஜாயிண்டுக்கும் பெரிய பைப்புக்கும் நடுவே, வளைந்து கொடுக்கிற மாதிரி கம்பி பின்னிய ஓஸ் பைப்.

மறுபடி ஆவி ஏற்றிய அன்று ஷெட்டே மாறிப்போனது. சீறல் இல்லை. பின்பக்க மில்லை விட்டால் ரோலர் சுற்றுகிற மெல்லிய உருட்டல் மட்டும்தான் என்றார்கள். அட்டையை வெட்டி அடுக்குகிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முழுக்க அவர்கள் வாய் ஓயவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை என்று முகம் சொன்னது. நானும் தலையை ஆட்டினேன்.

எனக்கும் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் மற்றவர்கள் அந்த அமைதிக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதில் எதுவும் வந்து சேரவில்லை. குரல் வரும். சொல் வராது. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. முன்பெல்லாம் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள், இல்லையென்றால் கையைக் காட்டுவார்கள். இப்போது கையை மறந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமலே வேலை சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, அவர் எங்கே பார்த்தார் என்பதை வைத்து ஊகித்து அங்கே போனேன். பல முறை தப்பான ரோலருக்குப் போனேன்.

"இன்னாய்யா, புது மெஷினு வந்ததும் உனக்கு மப்பு ஏறிப்போச்சா?" என்று அவர் என் முகத்துக்கு நேராக வந்து கத்தினார். அது மட்டும் புரிந்தது.

அட்டை வெட்டுகிற பெண்களில் ஒருத்தி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வருபவள். கணவன் கூலி வேலைக்குப் போகிறவன். கை வேகம், வாய் அதைவிட வேகம். என்னை அண்ணா என்பாள். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்கு முன்னால், நான் நடுவரிசையில் ஒரு ஜாயிண்டைத் துணியால் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அடுத்த ரோலரில் தடுப்புக் கம்பியின் தாங்கி பற்று விட்டு விழுந்தது. தடுப்பு போனதும் ஜாயிண்டின் உடம்பு ரோலரோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. ஓஸ் பைப் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கேறியது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். மற்ற பெண்களும் சேர்ந்து கத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுதான். மல்லாக்க விழுந்தேன். நான் குனிந்திருந்த இடத்தில் வெள்ளையாக ஆவி பாய்ந்தது. ஓஸ் பைப் அறுந்து இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவள் தன் வலது கையை இடது கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. எழுந்து ஓடி மெயின் வால்வை மூடினேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் முன்கையில், முழங்கை வரைக்கும் தோல் வழன்று தொங்கியது.

அவளை ஆம்பூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மெஷினை நிறுத்தி, எல்லாத் தாங்கிகளையும் மறுபடி வெல்டிங் செய்யச் சொன்னார் மேனேஜர். சூப்பர்வைசர் என் எதிரே வந்து நின்றார்.

"இத்தினி பேரு கத்தறாங்க, நீ இன்னாத்த புடுங்கிக்கினு இருந்தே?"

யாரும் கத்தவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அதுதான் உண்மை என்று நம்பியே சொல்லியிருப்பேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், மனைவி தன் ஓய்வு நாளில் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும், கட்டு மாற்றிவிட்டு வரலாம் என்றாள். இரண்டு பேரும் போனோம். பாலாற்றில் தண்ணீர் இல்லாத காலம். மணலில் நடந்தே அந்தக் கரைக்குப் போய்விட்டோம். கூரை வீடு. வாசலில் ஒரு கட்டிலைப் போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். என் மனைவி கட்டைப் பிரித்து, மெதுவாகத் துடைத்து, மருந்து தடவினாள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. சற்றுத் தள்ளிப் போய், வேலியோரம் கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது இரண்டு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா?" என்றேன்.

என் மனைவி குனிந்து கட்டுப் போட ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டிலருகே நின்றேன். அவளே என் முகத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னாள்.

"உடுண்ணா. கூப்ட்டா திரும்பாத ஆளு, மண்டகனம் புடிச்சவன்னு ரொம்ப நாளா உன்னத் திட்டிக்கினு இருந்தேன். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

அப்போது எனக்கு அது புரியவில்லை. நல்ல மனசு என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். வெயில் இறங்கியிருந்தாலும் மணல் சுட்டது. இந்தக் கரைக்கு வந்து செருப்பை உதறிவிட்டுத் திரும்பினால் மனைவி என் பின்னால் இல்லை. ஆற்றின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். செருப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்துத் திரும்பிப் போனேன். கிட்டே போன பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. எத்தனையோ சாவைப் பார்த்தவள் அவள். லேசில் அழமாட்டாள்.

"இன்னாச்சும்மா?"

என் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள். "பாதி ஆத்துலருந்து உங்களக் கூப்டுக்கிட்டே இருக்கேன். கத்திக்கூடப் பாத்தேன். நீங்க பாட்டுக்குப் போறீங்க."

"காத்துல கேட்டிருக்காது."

"காத்தே இல்லைங்க."

சுற்றிப் பார்த்தேன். கரையில் நின்ற வேலிகாத்தான் செடிகளில் ஒரு இலைகூட அசையவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னா, உங்க வூட்டுக்காரருக்குக் காது கேக்கலக்கா, நாங்க அத்தினி பேரு கத்தியும் திரும்பலன்னு. நான் இத்தன வருஷமா நீங்க என்கிட்ட பேசப் பிடிக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

மணலிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். நான் அவளிடம், எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கேட்டது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ஏதோ பழுது போல, சரிசெய்துவிட்டு ஆரம்பிப்பார்கள் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று சைகை காட்டினார்கள். காத்திருந்த நேரமெல்லாம் சத்தம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

சத்தத்தில் வேலை செய்து காது நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். பேசுகிறவர்களின் சொல்லைப் பிடிக்க மூளை நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறது, அதனால் உங்களுக்கு அசதி ஜாஸ்தியாக இருக்குமே என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பல வருஷம் விளங்கியது. ஆனால் விளங்கியதால் அசதி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

காதுக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடப் பெரிய டப்பா, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒயரைக் காதில் சொருக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மகள் "அப்பா, டீ" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். குரல் பெரிய பெண்ணின் குரலாக இருந்தது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் அப்படிப் பார்த்தது என்னவோ போலிருந்திருக்கும். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மிஷினில் எல்லாமே ஒரே மாதிரி பெரிசாகக் கேட்கும். சட்டைத் துணி உரசுவது, பாத்திரம் விழுவது, பஸ் ஹாரன். கொஞ்ச நேரத்திலேயே தலை கனத்துவிடும். கோயிலுக்கும், ஏதாவது ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தால் அதற்கும் மட்டும் போட்டுக்கொள்வது என்று ஆனது.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மேனேஜர் அப்படிச் செய்யவில்லை. ரோலர் பக்கம் வேறு ஃபிட்டரைப் போட்டுவிட்டு, என்னை ஒர்க்ஷாப்பில் உட்காரவைத்தார். தேய்ந்துபோன ஜாயிண்டுகளைக் கழற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் பிரித்து, கார்பன் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, இரும்பு முகத்தைக் கண்ணாடித் தட்டில் மெருகேற்றும் பசை தடவித் தேய்த்துச் சமமாக்கி, மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும். தனியான வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. முதல் சில நாள் அது நிம்மதியாக இருந்தது. பிறகு சாப்பாட்டு நேரம் வந்ததே தெரியாமல் தேய்த்துக்கொண்டிருப்பேன், சங்கு ஊதுவது எனக்குக் கேட்காது.

அந்தப் பெண் கை ஆறி வேலைக்குத் திரும்பினாள். தோல் பளபளப்பாக, இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. வெயிலில் எரிகிறது என்றாள். கையை முழுசாக நீட்ட வராது. அட்டை வெட்டுவதிலிருந்து, வெட்டிய அட்டைகளைக் கட்டாகக் கட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒர்க்ஷாப் கதவில் வந்து நின்று, இரும்புக் கதவைக் காலால் உதைப்பாள். அந்த அதிர்வு மேஜை வழியாக என் கைக்கு வரும். நிமிர்ந்தால் சோற்றை வாயில் போடுகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விடுவாள். மற்ற பெண்களும் அதைப் பழகிக்கொண்டார்கள். ஒரு தடவை அவர்களில் ஒருத்தி என் எதிரே வந்து, கை வெந்த அந்தப் பெண் மெஷின் பக்கத்தில் பாடிக்கொண்டே வேலை செய்வாள், நீங்கள் கேட்டதில்லையே என்று சொன்னாள். மிஷினை மாட்டிக்கொண்டு போய் நின்றும் பார்த்தேன். ரோலர் உருட்டலும் மில் சத்தமும்தான் கேட்டது. வாய் அசைவது தெரிந்தது. நன்றாயிருக்கிறது என்று கையைக் காட்டினேன். அவளுக்குத் தெரியும், எனக்குக் கேட்கவில்லை என்று. சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வீட்டில் மனைவி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். என்னிடம் எதுவும் சொல்வதென்றால் எதிரே வந்து உட்கார்ந்து, விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி திரும்பிக்கொண்டு சொல்வாள். வார்டில் நின்று கால் வீங்கி வந்திருப்பாள், அப்படியும் எழுந்து வந்து உட்காருவாள். முடியாத நாளில் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். அதில் கோபம் எதுவும் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. முன்பு இருந்த மௌனத்துக்கும் இதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போன பிறகு, விடுமுறைக்கு வந்தால் அவளும் அம்மாவைப் போல எதிரே உட்காருவாள். ஹாஸ்டல் கதை, டீச்சர் கதை. எனக்குப் பாதி புரியும். மீதியைத் திரும்பக் கேட்பேன். சில நாள் பொறுமையாக இரண்டு தடவை, மூன்று தடவை சொல்வாள். சில நாள் அவளுக்கும் அலுத்துவிடும். "ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்து போய்விடுவாள். மற்ற எந்தச் சொல்லைத் தவறவிட்டாலும் அந்தச் சொல்லை மட்டும் நான் உதட்டிலிருந்து சரியாகப் பிடித்துவிடுவேன். பிடித்த பிறகு அதற்கு மேல் கேட்பதில்லை. அவள் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைப்பேன்.